கடைசிப் பிரதி

மார்ச் 3
1961 பிப்ரவரியில் சோவியத் உளவுத்துறை கேஜிபியின் ஆட்கள் எழுத்தாளர் வசிலி கிராஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’ நாவலைக் கைப்பற்றியபோது தட்டச்சுப் படிகளோடு விடவில்லை. கார்பன் தாள், ரிப்பன் எல்லாவற்றையும் அள்ளிப் போனார்கள். விவரம் தெரிந்த வேலைதான். ஒரே தடவை அடித்த கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் பக்கம் முழுக்க வாசிக்கலாம். பலமுறை ஓடிய துணி ரிப்பனில் எழுத்தின் மேல் எழுத்து விழுந்து எதுவும் தேறாது. அதையும் விடவில்லை!

மார்ச் 6
சமிஸ்தாத் தட்டச்சு, அதாவது தணிக்கைக்குத் தப்பி வீட்டில் அடித்து ரகசியமாகக் கைமாற்றிய பிரதிகள். சாதாரணத் தாளில் மூன்று நான்கு படிக்கு மேல் தெளிவிருக்காது. மெல்லிய தாள் என்றால் இன்னும் சில கூடும். அதற்கும் ஓங்கி அடிக்க வேண்டும். ஓங்கினால் வட்ட எழுத்து மேல்தாளில் ஓட்டை போடும், சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பிழை விழுந்தால் ஒவ்வொரு படியிலும் தனியாக அழிக்க வேண்டும். இடையில் துண்டுத்தாள் செருகாமல் அழித்தால் அடியில் இருப்பதில் கறை. மங்கலான கடைசிப் பிரதியைப் பார்த்து இன்னொருவர் மறுபடி அடிக்கிறார். முதலில் கெடுவது பெயரும் எண்ணும்தான். 1968இல் தொடங்கிய சமிஸ்தாத் இதழ் ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ முழுக்கவே பெயரும் எண்ணும்: யார் கைது, எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை ஆண்டு. அன்றைய ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் பிரிவு 70 (சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம்) என்றால் ஏழு ஆண்டு வரை, 190-1 (சோவியத் அமைப்பை அவதூறு செய்தல்) என்றால் மூன்று வரை. அதனால்தான் அதில் திருத்தங்களும் வெளியிட்டார்கள்.

மார்ச் 7
தணிக்கை என்றதும் எல்லோரும் கத்தரிக்கோல் படம் போடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. சோவியத் தணிக்கை அலுவலகமான கிளாவ்லித்தின் அனுமதி இல்லாமல் அச்சகம் ஓடியதில்லை. அதற்கு முன்பே பதிப்பாசிரியர் பாதியை வெட்டியிருப்பார்.

மார்ச் 10
சினிமாப் படத்துக்குக் கார்பன் கிடையாது. இயக்குநர் அஸ்கோல்தோவின் ‘கமிசார்’, 1967. மூலக்கதை அதே கிராஸ்மன், 1934. நெகடிவ் அரசு ஸ்டுடியோவில், பிரிண்ட் போடும் லேபும் அரசுடையது. வெட்டவே வேண்டாம், அலமாரியில் வைத்தால் போதும். இருபது வருடம் இருந்தது. அஸ்கோல்தோவ் இன்னொரு கதைப்படம் எடுக்கவே இல்லை.
‘வாழ்வும் விதியும்’ நாவலோ நண்பர் ஒளித்து வைத்த படியிலிருந்து மைக்ரோஃபிலிமாகி எல்லை தாண்டி, 1980இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் அச்சானது. ஃபிலிமில்தான் தப்பியது! படத்துக்கு அந்த வழியும் இல்லை.

மார்ச் 13
கார்பன் படியைப் படம் பிடிப்பது சிரமம். சாம்பல் தாளில் சாம்பல் எழுத்து. மெல்லிய தாளில் அடுத்த பக்கத்து எழுத்தும் ஊடுருவித் தெரியும், ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைத்தாள் வைத்தாக வேண்டும். விளக்கு இருபுறமும், சாய்வாக. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் சுருக்கத்தின் நிழல் வரியை விழுங்கிவிடும். லோசான் பதிப்பில் வாசிக்க முடியாத இடங்களை இடைவெளியாகவே விட்டிருந்தார்கள். ஊகித்து நிரப்பாமல் விட்டது சரி.