குலுக்கலுக்கு வெளியே ஒரு வழி: பாஸ்டனில் மருத்துவ ஸ்டார்ட்அப் தொடங்கிய கதை

அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 இடங்கள். மார்ச் மாதக் குலுக்கலில் பெயர் வந்தால் அக்டோபரில் வேலை. அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். பல்கலைக்கழக வேலைக்கு இந்த உச்சவரம்பு கிடையாது என்பதையும் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்த விலக்கு அது. பல்கலைக்கழகத்தில் பகுதிநேரம் வேலை பார்ப்பவருக்கு அவருடைய சொந்த ஸ்டார்ட்அப்பே இன்னொரு எச்-1பி மனு போடலாம், அதற்கும் குலுக்கல் இல்லை என்பது மட்டும் அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. எனக்கும் படிப்பு முடிந்து, மாணவர் விசாவிலேயே கொஞ்ச காலம் வேலை பார்க்க விடும் ஓபிடி கரைந்துகொண்டிருந்தபோதுதான் தெரிந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலம் இதை 'குளோபல் ஆன்ட்ரப்ரனர் இன் ரெசிடென்ஸ்' என்று ஒரு திட்டமாகவே கொண்டுவந்தது. டெவல் பேட்ரிக் ஆளுநராக இருந்த 2014இல் தொடங்கியது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாஸ்டன் வளாகம் முதலில் கைகொடுத்தது. பின்னர் கொலராடோ பல்கலைக்கழகம் போன்றவையும் இதே பாணியில் வெளிநாட்டு நிறுவனர்களைச் சேர்த்துக்கொண்டன. ரெசிடென்சி என்று பெயர் இருந்தாலும் இது சம்பளத்தோடு கூடிய வேலைதான். மாணவர்களின் தொழில் யோசனைகளைக் கேட்டுத் திருத்த வேண்டும், வகுப்பு எடுக்க வேண்டும், ஆய்வகத்திலிருந்து வெளிவரும் கண்டுபிடிப்புக்குச் சந்தை உண்டா என்று பேராசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். பெயருக்கு ஒரு பதவி என்று நினைத்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்களைப் பிடிப்பதில்லை. பல்கலைக்கழக வேலைதான் சுவரில் அடித்த ஆணி, கம்பெனியின் விசா அதில் மாட்டிய சட்டை. வேலை போனால் கம்பெனி மனுவும் மறுபடி உச்சவரம்புக்குள் வந்துவிடும்.

விசாவைவிட என்னை அலைக்கழித்தது வேறொரு காகிதம். பல்கலைக்கழக ஊழியர் ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: பணிக்காலத்தில், பல்கலைக்கழக வசதிகளைக் கொண்டு கண்டுபிடிப்பது பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். ஸ்டார்ட்அப்பின் உயிரே அதன் காப்புரிமையில்தான் இருக்கிறது. ஆகவே, நான் வருவதற்கு முன்பே எங்களிடம் இருந்தவற்றையெல்லாம் பட்டியலிட்டு இணைப்பாகச் சேர்க்கச் சொன்னேன். கம்பெனி வேலையைப் பல்கலைக்கழகக் கணினியில்கூடச் செய்யமாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். அந்த இணைப்பு மேசை மேசையாக நகர்ந்து திரும்பிவரப் பல வாரங்கள் ஆயின. குடியேற்ற வழக்கறிஞர் இதைக் கவனிக்க மாட்டார். அவர் வேலை அதுவல்ல. தனி ஆள் வேண்டும்.

இனி மருத்துவப் பக்கம். நாங்கள் செய்வது மின்னணு ஸ்டெதாஸ்கோப்பும், அது பதிவுசெய்யும் ஒலியில் இதய முணுமுணுப்பை, அதாவது வால்வுக் கோளாறைக் காட்டக்கூடிய கூடுதல் ஒலியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும். என் தொழில் கூட்டாளி மதுரையில் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளிடம் ருமாட்டிக் இதய நோயை முன்கூட்டியே பிடிப்பதுதான் எங்கள் முதல் எண்ணம். தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டதால் வால்வு கெட்டுப்போன பிள்ளைகள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். பாஸ்டன் இதய மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த நோயைத் தாங்கள் அரிதாகத்தான் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு வேண்டியது வயதானவர்களின் பெருந்தமனி வால்வுச் சுருக்கம். கருவி அதேதான், ஆனால் பயன்பாடு மாறிவிட்டது. மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவிடம் 510(கே) என்ற விண்ணப்பம் போடுகிறவர், ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்குத் தன் கருவி நிகரானது என்று காட்ட வேண்டும். யாருக்கு, எதற்கு என்பது மாறினால் சான்றும் மாறும். மதுரைப் பிள்ளைகளின் பதிவுகள் பாஸ்டன் தாத்தாக்களுக்கு உதவாது.

பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் ஒரு சமூக சுகாதார மையத்தில் மூத்த செவிலியர் ஒருவரிடம் கருவியைக் கொடுத்தேன். துல்லியம் பற்றிக் கேட்பார் என்று பதில்களோடு காத்திருந்தேன். அவர் கருவியைத் திருப்பிப் பார்த்து, ஒலிவாங்கியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினார். இந்த இடுக்கை எப்படித் துடைப்பது என்று கேட்டார். பிறகு பெட்டியிலிருந்து குளோரின் கலந்த ஈரத்தாள் ஒன்றை உருவி, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் இதனால்தான் துடைப்போம், உங்கள் ரப்பர் தாங்குமா என்றார். அந்த வளையத்தை மாற்றிய பிறகுதான் அடுத்த மாதிரியையே செய்தோம். எஃப்டிஏவும் சுத்தம் செய்யும் முறைக்குச் சான்று கேட்கும் என்பதால் அது வீண்வேலை ஆகவில்லை. இப்படி ஒருவரிடம் போய் உட்காரப் பல்கலைக்கழக அடையாள அட்டை பெரிய உதவி. வெறும் கம்பெனி அட்டையோடு போனால் வரவேற்பு மேசையைத் தாண்டுவதே கடினம்.

நோயாளிகளிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவை அணுகவும் அந்த அட்டைதான் உதவியது. எங்கள் கருவியால் நோயாளிக்குப் பெரிய ஆபத்தில்லை என்று குழு தீர்மானித்ததால், ஆய்வுக்கு எஃப்டிஏவிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. தரவில்தான் வேலை நீண்டது. நோயாளித் தகவலின் ரகசியம் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின் விதிகளின்படி பதிவிலிருந்து 18 வகை அடையாளங்களை நீக்க வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் சரி. பரிசோதனைத் தேதியில் ஆண்டைத் தவிர மற்றதும் போக வேண்டும். 89 வயதைத் தாண்டியவர்களை, 90-உம் அதற்கு மேலும் என்று ஒரே வகையில் அடைக்க வேண்டும். வால்வு சுருங்கியவர்களைத் தேடுகிற எங்களுக்கு அந்த வயதுக்காரர்கள் நிறையவே வருகிறார்கள்!

பணத்துக்கு இந்த ரெசிடென்சி பெரிதாக வழிகாட்டாது. தேசிய சுகாதார நிறுவனத்தின் சிறுதொழில் ஆய்வு நிதியைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். ஆனால் கம்பெனியில் பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்களிடமோ நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களிடமோ இருக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. பெரும்பங்கு என்னிடமும் மதுரையிலும் இருந்ததால் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. இன்னொரு சங்கடம்: கம்பெனியில் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் நிறுவனருக்கு, 2025 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கம்பெனி மனு வழக்கமான மூன்று ஆண்டுகளுக்குப் பதில் முதலில் 18 மாதங்களுக்குத்தான், முதல் நீட்டிப்பும் அவ்வளவே.

எஃப்டிஏவிடம் முன்கூட்டியே கேள்விகளை அனுப்பிக் கருத்துக் கேட்கும் வசதி இருக்கிறது, கட்டணம் கிடையாது. விண்ணப்பக் கட்டணத்தைப் பார்த்து மிரண்டுபோகும் நிறுவனர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து பேசிய தம்பி ஒருவர், "அண்ணா, நானும் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா?" என்றார். நான் அமெரிக்காவுக்குள் இருந்தபடி மாணவர் நிலையிலிருந்து மாறியவன். 2025 செப்டம்பர் 21 முதல் ஓராண்டுக்கு, வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்துவிட்டார்கள். உச்சவரம்பு விலக்கு பெற்ற பல்கலைக்கழகங்களும் அதில் அடக்கம். அந்தத் தொகையைக் கட்ட வேண்டியது மனு போடும் பல்கலைக்கழகம். அது கட்டத் தயாரா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுமாறு அவரிடம் சொன்னேன்.