பதினோராம் நம்பர் கடை

14 செப்டம்பர் 2024, சனி

ஐந்தரைக்கே ஷட்டரை இறக்கியாச்சு. அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கப்பன் பார்க். அங்கிருந்து கண்டீரவா ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். போன சீசனில் பத்தாவது இடத்தில் முடித்த ஃபுட்பால் டீமுக்கு, எங்கள் பெங்களூரு எஃப்சிக்கு, இவ்வளவு கூட்டமா என்று தோன்றியது. முதல் மேட்ச் என்றால் எல்லோருக்கும் மறதி வந்துவிடும் போல.

ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று ஜெயித்தோம். கோல் போட்டது வினித் வெங்கடேஷ். 19 வயசு, இந்த ஊர்ப் பையன். என் கடைக்கு நம்பர் ஒட்ட வருகிற பசங்களைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான்.

ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், தொடங்கும்போதெல்லாம் இந்த வருஷம் முழுக்க எழுதணும் என்று நினைப்பேன், நவம்பரில் விட்டுவிடுவேன். இந்தத் தடவை எங்கே போய் நிற்கிறது பார்ப்போம்.

16 செப்டம்பர், திங்கள்

என் கடை தெரியாதவர்களுக்காக: கௌதம்புரா பக்கம், பத்துக்கு எட்டு அடி. உள்ளே ஒரு கட்டிங் பிளாட்டர், ஒரு ஹீட் பிரஸ், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலில் எங்க பெரியப்பா. ஜெர்சியை நீங்கள் கொண்டுவர வேண்டும், பேரும் நம்பரும் நான் ஒட்டித் தருவேன். எழுத்தைத் திருப்பிப் போட்டு வினைல் ஷீட்டில் வெட்டி, வேண்டாத பாகத்தை ட்வீசரால் உரித்து எடுத்து, பனியன் மேல் வைத்து, டெஃப்ளான் ஷீட் மூடி அழுத்தினால் முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்த நம்பர் 11. வெட்டு நேர்க்கோடு, உரிப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. 8 வந்தால் உள்ளே இருக்கிற ரெண்டு ஓட்டையையும் நோண்டி எடுக்கணும். எங்கள் டீமில் 8 போட்டு ஆடுகிற சுரேஷ் வாங்ஜம் மேல் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் இது. நல்லவேளையாக இந்த ஊரில் பத்து ஜெர்சி வந்தால் ஏழு எங்கள் ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி பேருக்கு, அதாவது 11.

இன்று மட்டும் ஒரு பையன் வினித் என்று போடச் சொன்னான். அவன் பேரே வினித்தா, சனிக்கிழமை கோல் போட்ட வினித்தா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

28 செப்டம்பர், சனி

மோகன் பகானை 3-0. மெண்டெஸ், வாங்ஜம், அப்புறம் பெனால்டியில் சேத்ரி. ஐஎஸ்எல்லில் அவருக்கு இது 64-ஆவது கோல், இனி அந்தப் பட்டியலில் அவருக்கு மேலே ஆள் கிடையாது. மூன்று மேட்சில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கேலரியில் பின்னால் இருந்தவர் கன்னடத்தில் ஆரம்பித்து, இங்கிலீஷுக்குத் தாவி, லைன்ஸ்மேனைத் திட்டும் நேரம் வந்ததும் சுத்தமான தமிழுக்கு வந்து சேர்ந்தார். திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். "நம்ம ஊரா?" என்றார். "கௌதம்புரா" என்றேன். அதற்கு மேல் பேச நேரமில்லை.

பெரியப்பாவிடம் ஸ்கோரைச் சொன்னேன். "பெனால்டியைக் கணக்குல சேக்காதடா" என்றார்.

25 அக்டோபர், வெள்ளி

கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸோடு மேட்ச். எதிர்க் கடை டீ மாஸ்டர் மலையாளி. அவர் கடை டிவியில், அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே அவர் டீமுக்கு எதிராகக் கத்துவது தர்மமா என்று யோசித்தேன். கத்தினேன். போன காலத்தில் அந்த மஞ்சள் ஜெர்சியைப் போட்டு ஆடிய பெரேரா டியாஸே எட்டாவது நிமிஷம் முதல் கோலைப் போட்டார், மாஸ்டர் பால் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஹிமெனெஸ் பெனால்டி. இந்த சீசனில் நாங்கள் வாங்கிய முதல் கோல் அதுதான், அதற்கு முன்னால் ஐந்து மேட்ச் வலை அசையவில்லை. கடைசியில் மெண்டெஸ் ரெண்டு போட 3-1.

மாஸ்டர் காசு வாங்க மாட்டேன் என்றார். கோபமா பெருந்தன்மையா என்று மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

3 நவம்பர், ஞாயிறு

நேற்று கோவாவில் 0-3, முதல் தோல்வி. மீந்த அதிரசத்தைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

7 டிசம்பர், சனி

மணி ராத்திரி பன்னிரண்டரை, தொண்டை கட்டிவிட்டது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மறுபடியும் பிளாஸ்டர்ஸ், இந்தத் தடவை கண்டீரவாவில். இடைவேளைக்கு 2-0. சேத்ரி ஒன்று, ரயன் வில்லியம்ஸ் ஒன்று. அதற்கப்புறம் பதினோரு நிமிஷ இடைவெளியில் ரெண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மஞ்சள் சட்டைக்காரர்கள் இருந்த மூலை கொதித்தது. எங்கள் பக்கம் மேளம் அடித்துக்கொண்டிருந்த பையன் குச்சியை மடியில் வைத்துவிட்டு நகத்தைக் கடித்தான். கண்டீரவாவில் ஆட்டத்துக்கும் நமக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் இருக்கும், மனுஷர்கள் சின்னதாகத்தான் தெரிவார்கள். ஆனாலும் 73-ஆவது நிமிஷம் வலைக்கு முன்னால் அந்தக் குள்ள உருவம் காலை நீட்டினபோது அது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குச்சி மேளத்துக்குத் திரும்பியது. இஞ்சுரி டைமில் மூன்றாவது. 4-2.

சேத்ரிக்கு 40 வருஷம் 126 நாள். ஐஎஸ்எல்லில் ஹாட்ரிக் போட்டவர்களில் வயசில் மூத்தவர் இனி இவர். ஜூன் 6-ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத் மேட்சோடு இந்தியாவுக்கு ஆடியது போதும் என்று அழுதுகொண்டே போன மனுஷன். எனக்கு 43. மெட்ரோ படிக்கட்டு ஏறினாலே முட்டி கடக் என்கிறது.

10 டிசம்பர், செவ்வாய்

சந்தோஷம் மூன்று நாள்தான். போன மாதம் ஒட்டின ஜெர்சியோடு ஒருத்தர் வந்தார். "அண்ணா, பதினொண்ணு நீலமாயிடுச்சு." உண்மைதான், பால் வெள்ளையாக ஒட்டின நம்பர் சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருந்தது. தப்பு என்னுடையது. பாலியெஸ்டர் துணியில் சூடு அதிகம் வைத்தால் துணியின் சாயம் மெதுவாக மேலே ஏறி வினைலுக்குள் புகுந்துவிடும். ஒட்டின அன்று தெரியாது, பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் பல்லிளிக்கும். அவசரத்தில் 150 டிகிரியில் அழுத்தியிருக்கிறேன். 130-க்கே ஒட்டுகிற வினைல் விலை கூட. பழையதை உரித்துப் போட்டு அதில் ஒன்றை இனாமாக ஒட்டிக் கொடுத்தேன்.

பெரியப்பா ஸ்டூலில் இருந்தபடியே, "எங்க காலத்துல நம்பரைத் துணியில வெட்டி அம்மா தைச்சுக் குடுப்பாங்க. துணி கிழியும், நம்பர் கிழியாது" என்றார். அப்போது பதில் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

28 டிசம்பர், சனி

சென்னையில் சென்னையின் எஃப்சியோடு. சாயங்காலமே வியாசர்பாடி மச்சான் போன் போட்டுவிட்டார். "இன்னிக்கு நீ யாருக்குடா?" வருஷா வருஷம் இதே கேள்வி. என் தாத்தா ஆற்காடு பக்கத்திலிருந்து தண்டு (கன்டோன்மென்ட்) வேலைக்கு இங்கே வந்தவர். அப்பா பிறந்தது, நான் பிறந்தது, பந்தைத் தொட்டது எல்லாம் இங்கே. வீட்டில் தமிழ், கடையில் பாதி கன்னடம். ஐபிஎல் என்று வந்தால் கொஞ்சம் ஆடிப்போவேன், ஒத்துக்கொள்கிறேன். பந்து விஷயத்தில் சந்தேகமே வந்ததில்லை.

4-2, நாங்கள். மச்சான் ராத்திரி போனை எடுக்கவில்லை.

11 ஜனவரி 2025, சனி

கண்டீரவாவில் முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் 0-1. 88-ஆவது நிமிஷம் காசிமோவ் ஃப்ரீ கிக். பட்டியலின் அடிமட்டத்தில் கிடக்கிற டீம், கீழ் லீக்கான ஐ-லீக் ஜெயித்து இந்த வருஷம்தான் மேலே வந்தது. வந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடைசி இடத்தில் முடித்தால் கீழே இறங்குவதும் இருக்கணுமே, இங்கே அது இல்லை. அதனால் ஜனவரி வந்தால் பாதி டீம்களுக்குப் பயமே இல்லாமல் போய்விடுகிறது. நம்ம பெங்களூர் லோக்கல் லீக்கில் ஒரு டிவிஷன் இறங்கினால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பெரியப்பா ஐஎஸ்எல்லை 'டிவி லீக்' என்பதற்கு இது ஒன்றுதான் எனக்குப் புரிகிற காரணம்.

23 ஜனவரி, வியாழன்

நேற்று 2-0 முன்னால் இருந்து ஒடிஷாவிடம் 2-3. இந்த வாரம் ஒரு 11-கூட ஒட்டவில்லை. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே ஆர்டர் வந்தது, 120 பனியன், எல்லாம் மஞ்சள். சோறு போடுகிறவர்களைக் கும்பிடணும்.

7 மார்ச், வெள்ளி

சேத்ரி மறுபடியும் இந்தியாவுக்கு ஆட வருகிறாராம். கடையில் ரெண்டு கட்சியாகிவிட்டது. 40 வயசுக்காரரைத் திரும்பக் கூப்பிடுகிற நாட்டில் ஸ்ட்ரைக்கர் பஞ்சம் எவ்வளவு இருக்கணும் என்று ஒரு கட்சி. கோல் போடுகிறாரே, அப்புறம் என்ன என்று இன்னொன்று. நான் ரெண்டாவது, வியாபாரமும் அதில்தானே இருக்கிறது.

பெரியப்பா மூன்றாவது கட்சி. "1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பிரான்ஸுக்கு எதிரா கோல் போட்டது யாரு தெரியுமா? ராமன். சாரங்கபாணி ராமன். வெறுங்காலோட ஆடின டீம்டா அது. எவனாவது ராமன்னு ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கானா உன் கடையில?" கேட்டதில்லை.

12 மார்ச், புதன்

நேற்று மும்பையிடம் 0-2. அந்த வெற்றியில் அவர்கள் ஆறாவதாக, கோப்பைக்கான பிளே-ஆஃபுக்குள் ஏறிக்கொண்டார்கள், அதுவும் நம் வீட்டுக்கு வந்து. நாங்கள் 38 புள்ளியோடு மூன்றாவது. நார்த்ஈஸ்டும் ஜாம்ஷெட்பூரும் அதே 38. பட்டியலில் முதலிடத்துக்குக் கொடுக்கிற ஷீல்டை மோகன் பகான் போன மாதமே தூக்கிவிட்டது, 56 புள்ளி. மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் மோதல் என்பதால் அடுத்து மறுபடியும் இதே மும்பை.

29 மார்ச், சனி

அதே மைதானம், அதே மும்பை, பதினெட்டு நாள் கழித்து 5-0. வாங்ஜம், மெண்டெஸ், வில்லியம்ஸ், சேத்ரி, டியாஸ். ஐந்து கோலுக்கு ஐந்து ஆள். இன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒட்டின 11 மட்டும் 34. வெள்ளை வினைல் ரோல் அடிக்கு வந்துவிட்டது.

6 ஏப்ரல், ஞாயிறு

செமி ஃபைனலின் ரெண்டாவது மேட்ச், கோவாவில். முதல் மேட்சை இங்கே 2-0 ஜெயித்திருந்தோம். அங்கே 88-ஆவது நிமிஷம் கோவா ஆள் சாடிக்கு போட்ட கோலில் மொத்தக் கணக்கு சமமாகிவிட்டது. எக்ஸ்ட்ரா டைம்தான் என்று தண்ணீர் குடிக்க எழுந்தேன். சொம்பு கையில் இருக்கும்போதே இஞ்சுரி டைமில் தலையால் முட்டினார் சேத்ரி. 3-2 மொத்தக் கணக்கில், ஃபைனல்.

நான் கத்தினதைவிடப் பெரிதாக ஒரு சத்தம் உள் ரூமிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். பெரியப்பா போனைத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தார். "தூக்கம் வரல" என்றார்.

10 ஏப்ரல், வியாழன்

ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஆர்டர். நீலப் பனியன் நாற்பது, நெஞ்சில் 'சாம்பியன்ஸ்', கீழே 2024-25. ஞாயிறு காலை ரெடியாக இருக்கணுமாம். ஃபைனல் சனிக்கிழமை. அட்வான்ஸ் வாங்கினேன், வினைலை வெட்டி உரித்தும் வைத்துவிட்டேன். அழுத்தவில்லை. எங்க அம்மா குழந்தை பிறக்கும் முன்னால் தொட்டில் வாங்க விடமாட்டார், அந்த ரத்தம்தான்.

12 ஏப்ரல், சனி

ஃபைனல், கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மோகன் பகானோடு. 49-ஆவது நிமிஷம் அவர்கள் டிஃபெண்டர் ஆல்பெர்ட்டோ சொந்த வலையிலேயே போட 1-0. 72-இல் நம்ம ஆள் கையில் பந்து பட்டு பெனால்டி, கம்மிங்ஸ். எக்ஸ்ட்ரா டைம் தொடங்கி ஆறாவது நிமிஷம் மெக்லாரன். 2-1. ஷீல்டும் கோப்பையும் ரெண்டும் அவர்களுக்கே.

டீ மாஸ்டர் டிவியை அணைக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்தார். பச்சையும் மெரூனும் குதித்துக்கொண்டிருந்தது. "ஒண்ணு போடட்டா?" என்று மட்டும் கேட்டார். சர்க்கரை தூக்கல். குடித்தேன்.

13 ஏப்ரல், ஞாயிறு

குரூப் ஆள் காலையில் வந்தார். வெறும் பனியனை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து தன் பனியனை மட்டும் எடுத்து நீட்டினார். "இதுக்குப் பின்னால ஒரு 11 போட்டுடுங்க."

வெட்டின நாற்பது சாம்பியன்ஸ் மேஜையில் அடுக்காகக் கிடந்தது. நாளைக்கு அம்பேத்கர் ஜெயந்தி, சிலைப் பக்கம் சின்னப் பசங்களுக்கு மேட்ச் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஏரியாவில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசாவோடு பெலேக்கும் சிலை உண்டு. ஜெயிக்கிற டீமுக்குப் பனியன் கொடுக்கணும் என்று மூன்று நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா கத்தரியை எடுத்து ஒவ்வொன்றின் கீழேயும் இருந்த 2024-25-ஐ நறுக்க ஆரம்பித்தார். கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுத்தைத் தொடாமல் வெட்டினார். நான் ஏழு பனியனை விரித்தேன். எல்லாம் நீல பாலியெஸ்டர். மெஷினை 130-இல் வைத்தேன்.