திரை திரும்பினாலும் ஸ்வைப் சொன்ன பக்கமே போகிறது, ஒருவழியாக

வேலை செய்கிறது! லேப்டாப்பை நெட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் இடப்பக்கம் தள்ளினால் பிடிஎஃப்பில் அடுத்த பக்கம் வருகிறது, மூன்று விரலால் தள்ளினால் அடுத்த வொர்க்ஸ்பேஸ். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பவர்கள் லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப்பும் வேலண்ட் என்கிற புதுத் திரை அமைப்புமாக நிம்மதியாக இருப்பவர்கள், அங்கே இதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் டேப்லெட்டாகவும் மடங்குகிற பழைய டூ-இன்-ஒன் லேப்டாப் ஒன்றில் பழைய திரை அமைப்பான எக்ஸ்11, ஐ3 விண்டோ மேனேஜர் என்று விடாப்பிடியாக இருக்கிற ஆள்.

எக்ஸ்ரேண்டர் கட்டளையில் திரையைத் திருப்புவது ஒரு வரி. தொட்ட இடத்திலேயே கிளிக் விழ, சாதனங்களை அமைக்கும் எக்ஸ்இன்புட் கட்டளையில் தொட்ட இடத்தைத் திரையின் இடமாக மாற்றும் ஒன்பது எண் மேட்ரிக்ஸை மாற்றுவதும் பலருக்குத் தெரிந்ததுதான்: திரை இடப்பக்கம் திரும்பும் லெஃப்ட்டுக்கு 0 -1 1 1 0 0 0 0 1, வலப்பக்கம் திரும்பும் ரைட்டுக்கு 0 1 0 -1 0 1 0 0 1. இந்த எண்களைக்கூட நான் இப்போது கையால் போடுவதில்லை. எக்ஸ்இன்புட்டிலேயே மேப்-டு-அவுட்புட் இருக்கிறது, டச் சாதனத்தின் பெயரையும் திரையின் பெயரையும் கொடுத்தால் திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து அதுவே கணக்குப் போட்டுவிடும். வெளி மானிட்டர் மாட்டுகிறவர்களுக்கு இதுதான் வழி, ஏனென்றால் அந்த மேட்ரிக்ஸ் ஒரு திரைக்கானது இல்லை, மொத்த டெஸ்க்டாப்புக்குமானது.

வம்பு அதற்கு அப்புறம்தான். தொடுவது, இழுப்பது எல்லாம் கச்சிதம், ஆனால் ஸ்வைப் போன்ற ஜெஸ்சர்களைக் கண்டுபிடித்துக் கட்டளை ஓட்ட நான் வைத்திருக்கிற லிஸ்ஜிடி என்ற புரோகிராம் மட்டும், இடமிருந்து வலம் தள்ளினால் கீழிருந்து மேல் தள்ளியதாக எடுத்துக்கொள்கிறது. மேட்ரிக்ஸை எப்படி மாற்றினாலும் அசையவில்லை. அசையாதுதான்: அந்த மேட்ரிக்ஸ் வேலை செய்வது எக்ஸ் சர்வருக்குள்ளே, லிஸ்ஜிடியோ தொடுதலுக்கு எக்ஸைக் கேட்பதே இல்லை, டெவ்-இன்புட் அடைவில் இருக்கும் டச் சாதனத்தின் ஈவென்ட் கோப்பை லிப்இன்புட் என்ற நூலகம் வழியாக நேராகப் படிக்கிறது. திரை திரும்பிய சேதியே அதற்குப் போகவில்லை.

அதற்கென்று லிஸ்ஜிடியில் தனியாக ஓ என்ற ஆப்ஷன் இருக்கிறது, 0 முதல் 3 வரை, எத்தனை 90 பாகை என்று. ஒன்பது எண் மேட்ரிக்ஸ் செய்கிற வேலைக்கு இங்கே ஒற்றை எண் எப்படிப் போதும் என்று முதலில் நம்பிக்கை வரவில்லை. தாளில் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. தொட்ட இடத்தைக் கிடைமட்டத்தில் எக்ஸ், செங்குத்தில் ஒய் என்று 0 முதல் 1 வரை எடுத்துக்கொண்டால், லெஃப்ட்டில் புது எக்ஸ் = 1 - ஒய், புது ஒய் = எக்ஸ். ஸ்வைப் என்பது இரண்டு புள்ளிகளின் வித்தியாசம், கழிக்கும்போது அந்த 1 அடிபட்டுப்போகிறது, மிச்சம் திசை மட்டும்தான். டச் கண்ணாடியில் இடமிருந்து வலம் என்பது திரையில் மேலிருந்து கீழ் ஆகிறது, அவ்வளவே. ஆக லெஃப்ட்டுக்கு 1, தலைகீழுக்கு 2, ரைட்டுக்கு 3.

ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த எண்ணை மாற்ற நான் வழி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. திருப்பும் ஸ்கிரிப்டே பழைய லிஸ்ஜிடியைக் கொன்றுவிட்டுப் புது எண்ணோடு எழுப்புகிறது. முரட்டுத்தனம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முடிந்துவிடுகிறது. ஈவென்ட் கோப்பின் எண் ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் மாறலாம், அதற்குப் பதில் சாதனம் மாட்டியிருக்கும் இடத்தைச் சொல்லும் பை-பாத் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, நெட்டுக்குத்தலாகப் பிடித்தால் விரல்கள் நேர்கோட்டில் போகாது, வளைந்துதான் போகும். ஸ்வைப் எவ்வளவு சாய்ந்தாலும் ஏற்கலாம் என்கிற கோண சலுகை 15 பாகையாகவே இருந்தால் பாதி ஸ்வைப் வீண், நான் 30 ஆக்கிவிட்டேன். ஒற்றை விரல் ஸ்வைப் வேண்டவே வேண்டாம், லிஸ்ஜிடி சாதனத்தைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்வதில்லை, அடியில் இருக்கும் பக்கமும் சேர்ந்து நகரும்.

சாதனங்களுக்கான விதிகளை வைக்கும் யூடெவ்வில் லிப்இன்புட் கேலிப்ரேஷன் மேட்ரிக்ஸ் போட்டால் எக்ஸ், லிஸ்ஜிடி இரண்டுக்கும் ஒரே இடத்தில் முடிந்துவிடுமே என்று கேட்பீர்கள். முடியும், திரை நிரந்தரமாக ஒரே பக்கம் திரும்பி இருந்தால். என்னுடையது நாளெல்லாம் புரள்கிறது. இதையும் மேலே சொன்ன வழிகளையும் சேர்த்துப் போட்டால் இரண்டு தடவை திரும்பும், ஜாக்கிரதை.

நிரந்தரமாகத் திரும்பிய திரை ஒன்றும் திட்டத்தில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் பழைய 7 அங்குல, 800க்கு 480 டச் டிஸ்ப்ளேயைச் சுவரில் நெட்டுக்குத்தலாக மாட்ட வேண்டும். அங்கே கான்ஃபிக் கோப்பில் திரையை இயக்கும் ஓவர்லே வரியிலேயே இன்வ்எக்ஸ், இன்வ்ஒய், ஸ்வாப்எக்ஸ்ஒய் ஆகியவற்றில் தேவையானதைக் கொடுத்தால் தொடுதல் கெர்னலிலேயே திரும்பிவிடும், மேலே யாருக்கும் தெரியவே வேண்டாம். 2024இல் வந்த டச் டிஸ்ப்ளே 2 பிறவியிலேயே 720க்கு 1280 என்று நெட்டுக்குத்தல், அதை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் பழையது பெட்டியில் சும்மா கிடக்கிறது. லேப்டாப்புக்கு மாற்று டச் கிளாஸும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்து வைத்தேன், டிஸ்ப்ளேயோடு சேர்த்துத்தான் தருவார்களாம். விலையைக் கேட்டதும் கிளம்பிவிட்டேன்.

தானாகத் திரும்புவதுதான் இன்னும் அரைகுறை. லேப்டாப்பின் சாய்வைச் சொல்லும் மானிட்டர்-சென்சார் கட்டளை லெஃப்ட்-அப் என்றால் எக்ஸ்ரேண்டர் லெஃப்ட், அது சுலபம். மேசையில் தட்டையாக வைத்தால் மட்டும் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, திரையும் கூடவே ஆடுகிறது. சேதி வந்து ஒரு நொடி மாறாமல் இருந்தால்தான் திருப்புவது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், அதுவரை திரை திரும்பாமல் நிறுத்தும் சுழற்சிப் பூட்டுக்குக் கீபோர்டில் ஒரு சாவி ஒதுக்கியாயிற்று.