பாதியில் அறுந்த பேக்கெட்

கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தின் ஈரப்பதத்தை சென்சார் வைத்து சர்வருக்கு அனுப்ப எம்க்யூடிடி நன்றாகப் பொருந்தும். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவான நெறிமுறை அது. ஆயத்த லைப்ரரிகள் உண்டு. பைத்தானில் அதைச் சொந்தமாகவே எழுத வேண்டி வந்தால், கோயம்புத்தூர் ஆபீஸில் ஒழுங்காக ஓடிய கோட் மலை ஏறியதும் ஏன் படுத்துக்கொள்கிறது என்று முதலிலேயே யோசித்துவிடுவது நல்லது.

பேக்கெட் அமைப்பு எளிது. முதல் பைட்டில் வகையும் ஃபிளாக்குகளும். அடுத்து மீதி நீளம்: பைட்டுக்கு ஏழு பிட், எட்டாவது பிட் 'இன்னும் இருக்கிறது' என்று சொல்லும். 300 என்ற நீளம் 172, 2 என்று போகும். நாலு பைட்டுக்கு மேல் நீண்டால் பேக்கெட் கெட்டது, லைனைத் துண்டித்துவிட வேண்டியதுதான். இரண்டு பைட் எண்களில் பெரிய பைட் முன்னால் வரும். எண்ணைப் பைட்டுகளாக்கும் பைத்தானின் ஸ்ட்ரக்ட் ஃபார்மட்டில் இந்த வரிசையைச் சொல்லும் ஆச்சரியக்குறி விட்டுப்போனால், சாதாரண கம்ப்யூட்டரில் பைட்டுகள் இடம் மாறி, 60 விநாடி கீப்அலைவ் (சென்சார் எதுவும் அனுப்பாமல் இருக்கக்கூடிய நேரம்) 15,360 ஆகிவிடும். சர்வர் அதைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் பொறுக்கும் என்பதால், செத்த சென்சார் ஆறு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருப்பதாகவே காட்டும்.

பெரிய தொல்லை, இந்த பைட்டுகளைக் கொண்டுபோகும் டிசிபி இணைப்பில். அதற்கு பேக்கெட் எல்லை தெரியாது. ஒரு ரிசீவில் அரை பேக்கெட் வரலாம், இரண்டரையும் வரலாம். ஆபீஸ் வைஃபையில் சின்ன பேக்கெட்டுகள் பெரும்பாலும் முழுசாகவே வருவதால் பிழை வெளியே தெரியாது. டவர் விட்டுவிட்டுக் கிடைக்கும் சரிவில், 172 வந்து 2 வராமல் நிற்கும். அதனால் பைட்டுகளை பேக்கெட்டாகப் பிரிக்கும் பார்சருக்கு, சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. வந்த பைட்டுகளை ஒரு பைட்அரேயில் சேர்க்கட்டும். முழு பேக்கெட் இருந்தால் வெட்டிக் கொடுக்கட்டும், இல்லையென்றால் எதையும் தொடாமல் காத்திருக்கட்டும். சோதிப்பதும் சுலபம்: பதிவு செய்த பைட்டுகளை ஒவ்வொன்றாக ஊட்டினாலும் மொத்தமாகக் கொட்டினாலும் ஒரே விடை வர வேண்டும். ரிசீவ் ஒரு பைட்டும் இல்லாமல் காலியாகத் திரும்பினால் எதிர்முனை மூடிவிட்டது என்று பொருள். 'இன்னும் வரவில்லை' என்று எடுத்துக்கொண்ட லூப், சிபியூவை விழுங்கிவிடும்.

மறுபடி இணையும்போது பார்சர் பஃபரைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பாதியோடு புதியது ஒட்டிக்கொள்ளும். ஒப்புகை வராத கியூஓஎஸ் 1 (ஒருமுறையாவது சேர்ந்தாக வேண்டிய) செய்திகளை மட்டும் அழிக்கவே கூடாது. கிளீன் செஷன் 0 (பழைய நிலையிலிருந்தே தொடர்வது) என்றால் அதே பேக்கெட் எண்ணோடு, 'இது மறுபடி அனுப்பியது' என்று சொல்லும் டூப் பிட்டை ஏற்றி மறுபடி அனுப்ப வேண்டும். சர்வரில் ஒரே அளவீடு இரண்டு முறை விழலாம். அளந்த நேரத்தை செய்திக்குள்ளேயே வைத்தால் இரண்டாவதைக் கழித்துக்கொள்ளலாம்.

டாபிக்கை, அதாவது செய்தி போகும் பெயரை, தமிழில் வைப்பவர்களுக்கு ஒன்று. நீளம் எழுத்துக் கணக்கல்ல, யூடிஎஃப்-8 பைட் கணக்கு. 'கோத்தகிரி' வழக்கமாக 27 பைட். ஓகாரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமித்த கோப்பிலிருந்து வந்தால் 30. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சர்வருக்கு வேறு வேறு டாபிக். அதை சர்வர் சரிசெய்யக் கூடாது என்பது விதி. சந்தா எடுத்தவருக்குச் செய்தியும் வராது, பிழையும் வராது. டாபிக்கை உருவாக்கும் இடத்திலேயே, பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறையான என்எஃப்சிக்கு மாற்றிவிடுங்கள்.