மைனஸ் 999

மார்ச் 3, திங்கள்

நெறியாளர் இன்று ஒரு வன்தட்டைக் கொடுத்தார். எனக்கு முன் இங்கே ஆய்வு செய்த அக்கா சேகரித்த மண் ஈரப்பதத் தரவு முழுவதும் அதில் இருக்கிறது. என் வேலை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'இறுதி', 'இறுதி_புதியது', 'இறுதி_இதுதான்' என்று மூன்று எக்செல் கோப்புகள். ஒன்றிலிருக்கும் வரிசைகள் இன்னொன்றில் இல்லை.

மார்ச் 4

'ஈ2' என்று ஒரு நெடுவரிசை. அலகு குறிப்பிடப்படவில்லை. சில கட்டங்கள் காலி, சிலவற்றில் 0, சிலவற்றில் மைனஸ் 999. அளவீடு கிடைக்கவில்லை என்பதற்கு மைனஸ் 999 போடுவது பழைய வழக்கம். நமக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. 20 என்று ஐந்து அளவீடுகள் இருக்கும் இடத்தில் இப்படி ஒன்று நுழைந்தால் சராசரி மைனஸ் 150 வரை இறங்கிவிடும். அதையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். என்னைக் கலங்க வைப்பது அந்த 0தான். மண் காய்ந்து கிடந்ததா, உணரி பழுதாகிக் கிடந்ததா?

மார்ச் 6

அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். தொடக்கத்தில் கருவி ஓடாத நாட்களுக்கு 0 போட்டாராம், பிறகுதான் மைனஸ் 999க்கு மாறினாராம். மாறிய தேதி அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அவர் எண் மாறியிருந்தால் இத்தனை உழைப்பும் வீண்தானே! அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வேட்டின் ஓரத்தில் எத்தனை அங்குலம் விட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். தரவை எப்படி விட்டுச் செல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை.

மார்ச் 10

தாமஸ் ஹெர்ண்டன் பற்றிப் படித்தேன். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பொருளாதார ஆய்வு மாணவராக இருந்தவர். அரசுக் கடன், வளர்ச்சி பற்றி ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 2010இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையை வகுப்புப் பயிற்சிக்காக மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார், முடிவு ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு எக்செல் கோப்பைப் பெற்றார். சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டிருந்தது. அது 2013இல் உலகச் செய்தியானது. கோப்பு கைக்கு வந்ததால்தான் இது வெளிவந்தது. கட்டுரையை மட்டும் எத்தனை முறை படித்தாலும் அந்தச் சூத்திரம் கண்ணில் பட்டிருக்காது.

மார்ச் 14

என் கோப்புறைகளை ஒழுங்குபடுத்தினேன். மூலத் தரவைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிட்டேன், திருத்தமெல்லாம் நகலில்தான். கோப்புப் பெயர் 2025-03-14 என்று ஆண்டில் தொடங்குவதால் தானாகவே கால வரிசையில் நிற்கிறது. பிரதிகள் மூன்று, அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். பல்கலைக்கழகச் சேமிப்பகம் இருக்கிறதே என்று சும்மா இருக்க மனம் வரவில்லை: 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் காப்புப் பிரதி எடுக்கும் நிரலே பிழையாகி 77 டெராபைட் தரவை அழித்தது.

மார்ச் 19

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொருள், அலகு, விடுபட்ட மதிப்பின் குறி ஆகியவற்றை எழுதி மூலத் தரவுடன் வைத்துவிட்டேன். அக்காவின் குறிப்பேட்டுப் பக்கமும் அங்கேயே இருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், அந்தத் தரவை அறியாத ஒருவர் கோப்புறையை மட்டும் வைத்து ஒரு வரைபடத்தை மறுபடி வரைந்து காட்ட வேண்டும் என்று நெறியாளரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார், என்னிடமிருந்தே தொடங்கச் சொன்னார். திங்களன்று ஒரு முதுநிலை மாணவி என் கோப்புறையுடன் உட்காரப் போகிறார். அவர் வரைந்து முடிக்கும்வரை நான் அந்த அறைக்குள் போகக் கூடாது.