ஆமைக்குக் குளிரைவிட ஈரம்தான் எதிரி

மத்தியதரைக்கடல் பக்கத்து நில ஆமைகளைக் குளிர்ப் பிரதேசத்தில், அதுவும் தோட்டத்தில் வளர்க்கிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, ‘ஐயோ, குளிராதா?’ ஹெர்மன் ஆமையும் கிரேக்க ஆமையும் சில்லென்ற இரவைத் தாங்கிக்கொள்ளும். நாள்கணக்கில் வெயிலே எட்டிப் பார்க்காமல், மண்ணும் சொதசொதவென்று கிடந்தால்தான் சிக்கல். உடம்பு கிட்டத்தட்ட 30 டிகிரிக்குச் சூடேறினால்தான் தின்றது ஒழுங்காகச் செரிக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடித்து மூக்கில் குமிழி விடும், அப்போது மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.

அதனால் நான் செலவு செய்தது ஒரு சின்ன பசுமைக்குடிலுக்குத்தான். உள்ளே காய்ந்த மண், ஒரு மூலையில் வெப்ப விளக்கு, அதன் அடியில் 35 டிகிரி வரை. காலையில் ஆமை தூங்கும் கூண்டைவிட்டு வந்ததும் விளக்கடியில் நாலு காலையும் கழுத்தையும் நீட்டிப்போட்டு, ஓட்டைச் சூடு வரும் பக்கமாகச் சாய்த்து அசையாமல் கிடக்கும், அப்புறம்தான் மேய்ச்சல். குடிலின் கதவு திறந்தே இருக்கும், ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிரை உள்ளே விடாது, அது கிடைக்காவிட்டால் ஓடும் எலும்பும் உருப்படாது.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. மருந்தடிக்காத களைச்செடிகள், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, அவ்வளவுதான். பழம் கொடுத்துக் கெடுக்காதீர்கள். வேலி மட்டும் உள்ளே இருந்து பார்த்தால் வெளியே தெரியாதபடி, மண்ணுக்குள்ளும் கொஞ்சம் இறங்கி இருக்கட்டும். வெளியே தெரிந்துவிட்டால் நாள் முழுக்க அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், ஆமை ஏறவும் தோண்டவும் படு கில்லாடி.

குளிர்கால உறக்கத்தை மட்டும் தோட்டத்தை நம்பி விடமாட்டேன். சுமார் 5 டிகிரி வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கண்பார்வையே போகலாம், உயிரும் போகலாம். 10 டிகிரியைத் தாண்டினால் அரைத்தூக்கத்தில் கொழுப்பைக் கரைத்துவிடும். தூங்கும் ஆமையின் காலை எலி கடித்துவிடும் ஆபத்து வேறு. அதனால் ஆமை தூங்குவதற்கென்றே தனி ஃபிரிட்ஜ், உள்ளே ஒரு தெர்மாமீட்டர், காற்றுக்காக அவ்வப்போது கதவைத் திறந்து மூடுவேன். உள்ளே வைப்பதற்குச் சில வாரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தி வயிறு காலியாக வேண்டும், இல்லையென்றால் உள்ளிருப்பது அழுகிவிடும். நோயாளி ஆமையை அந்த வருஷம் தூங்க வைக்கவே கூடாது. விழித்ததும் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விடுங்கள், குடிக்கட்டும், சாப்பாடு அப்புறம்.