நெட் எக்ஸாமுக்கு கேஸ்ட்ருலேஷன் படிக்கறவங்களுக்கு: மியூட்டன்ட்ல இருந்து ஆரம்பிங்க

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்சஸ்ல எலி கருவுல மூணு லேயர் உருவாகற கேஸ்ட்ருலேஷன் பகுதிய ஜீன் பேர பாத்தே நிறைய பேர் ஒதுக்கிடறாங்க, தயவுசெஞ்சு ஒதுக்காதீங்க. பார்ட் சி-ல ஒரு கேள்விக்கு 4 மார்க், அங்க ஜீன் பேர ஒப்பிச்சா வேலைக்கு ஆகாது, இந்த ஜீன எடுத்துட்டா (அதான் மியூட்டன்ட்) கரு எங்க நிக்கும்னு யோசிக்கத் தெரியணும். நான் முழுக்க அப்படித்தான் படிச்சேன், பலன் இருந்துச்சு.

எலில 6.5-ஆவது நாள் வாக்குல எபிபிளாஸ்ட்டோட (கருவோட உடம்பு உருவாகற செல் அடுக்கு) பின்பக்கம் ப்ரிமிட்டிவ் ஸ்ட்ரீக் வருது, அதாவது செல்லுங்க உள்ள எறங்கி புது லேயர் ஆகற கோடு. ஏன் பின்பக்கம் மட்டும்? இதுலதான் அதிக நேரம் உக்காரணும். எக்ஸ்ட்ராஎம்ப்ரியானிக் எக்டோடெர்ம்ல (எபிபிளாஸ்ட்ட ஒட்டி இருக்கற, கரு உடம்புல சேராத திசு) இருந்து வர்ற பிஎம்பி4-ங்கற சிக்னல் புரதம் எபிபிளாஸ்ட்ல விண்ட்3-ங்கற இன்னொரு சிக்னல தூண்டுது, விண்ட்3 நோடல்ங்கற சிக்னல ஏத்துது, நோடல் திரும்பப் போய் பிஎம்பி4 நிக்காம பாத்துக்குது. இப்படியே விட்டா எல்லா பக்கமும் ஸ்ட்ரீக் வந்துடும்ல, அதுக்குத்தான் முன்பக்கம் ஏவிஇ (ஆன்டீரியர் விசெரல் எண்டோடெர்ம், எபிபிளாஸ்ட்ட மூடியிருக்கற வெளி அடுக்கோட முன்பகுதி) செல்லுங்க செர்1, லெஃப்டி1 ரெண்டையும் சுரந்து நோடல அடக்குது. அந்த ரெண்டு ஜீனையும் சேத்து எடுத்த கருக்கள்ல சிலதுல ஒண்ணுக்கு மேல ஸ்ட்ரீக் வந்துச்சு! விண்ட்3 இல்லன்னா ஸ்ட்ரீக்கே கெடையாது.

அப்புறம் அளவு. நோடல் சிக்னல் தூக்கலா கெடைச்ச செல் ஃபாக்ஸ்ஏ2, சாக்ஸ்17 ஜீன்கள இயக்கி டெஃபினிட்டிவ் எண்டோடெர்ம் (குடல் உருவாகற உள் லேயர்) ஆகும், கம்மியா கெடைச்சது மீசோடெர்ம் (நடு லேயர்) பக்கம் போகும்.

ஆப்ஷன்ல மாட்டிவிடற எடம் ஒண்ணு இருக்கு. ஸ்னெயில்1 ஜீனோட வேலை இ-கேட்ஹெரின (செல்லுங்கள ஒட்ட வைக்கற புரதம்) கொறச்சு செல்ல லேயர்ல இருந்து கழட்டி விடறது. எஃப்ஜிஎஃப்8-ங்கற சிக்னல் இல்லாத கருவுல செல்லுங்க கழண்டு வரும், ஆனா ஸ்ட்ரீக்க விட்டு நகர முடியாம அங்கேயே குவிஞ்சு கெடக்கும். கழள்றது வேற, நகர்றது வேற.

பிராக்கியூரி எனக்கு ரொம்ப பிடிச்ச ஜீன். 1927-ல டோப்ரோவோல்ஸ்கயா-சவாட்ஸ்கயா குட்டை வால் எலிய வச்சு சொன்னாங்க, ஜீன குளோன் பண்ணது 1990-லதான். ஒரு காப்பி போனா வால் குட்டை, ரெண்டும் போனா நோட்டோகார்ட் (கருவோட நடு அச்சுல ஓடற தண்டு) உருவாகாது, பின்பக்க மீசோடெர்மும் சரியா வராது, கரு நடுவுலயே செத்துடும்.

எண்டோடெர்ம்னு கேள்வில வந்தா எதுன்னு பாருங்க: காட்டா6 ஜீன இயக்கற ப்ரிமிட்டிவ் எண்டோடெர்ம் பிளாஸ்டோசிஸ்ட்லயே (கேஸ்ட்ருலேஷனுக்கு முன்னாடி வர்ற, உள்ள காலியான உருண்டை கரு) வந்துடும், பெரும்பாலும் யோக் சாக்குக்குப் (கருவுக்கு வெளில இருக்கற பை) போகும், குடல் முக்கியமா டெஃபினிட்டிவ்ல இருந்துதான்.